சிடியும் எம்ஆர்ஐயும் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார மாட்டேங்குதா? அறிகுறிய பாத்து தப்ப கண்டுபிடிக்கிற வழி

ஒரே ஆளோட சிடி, எம்ஆர்ஐ படங்கள ஒண்ணு மேல ஒண்ணு சரியா பொருத்துறதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன்னு பேரு, அத நியூரல் நெட்வொர்க் வச்சு பண்றவங்களுக்கு இது. ரெண்டு நாள் ஜிபியு ஓடி முடிச்சு, லாஸ் (நெட்வொர்க்கோட தப்ப அளக்குற எண்) கர்வ் அழகா கீழ இறங்கி, ஆசையா ரெண்டையும் ஓவர்லே போட்டு பாத்தா மண்டை ஓடு மூளைக்குள்ள வந்து நிக்கும். இந்த வேலைல இருக்குற எல்லாரும் ஒரு தடவையாவது இத பாத்திருப்பாங்க. உடனே நம்ம கை எங்க போகும்னா நெட்வொர்க்க மாத்துறதுக்கு, இன்னும் நாலு லேயர் போடலாமா, யூநெட்ட தூக்கிட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாமான்னு. என் அனுபவத்துல பாதிக்கு மேல தப்பு அங்க இருந்ததே இல்ல, ஒண்ணு ஃபைல படிக்கிற இடத்துல இருக்கும், இல்லனா படத்த வளைக்கிற அந்த பத்து வரி கோடுல இருக்கும், இல்லனா லாஸ் தப்பா இருக்கும். அதனால ஆர்க்கிடெக்சர் பத்தி கீழ எதுவும் கிடையாது.

அசையாம நிக்கிற படம் ஃபிக்ஸ்டு, நகர்த்துற படம் மூவிங். ஃபிக்ஸ்டு எம்ஆர்ஐ, மூவிங் சிடின்னு வச்சுக்குவோம். படம் பாக்குற மென்பொருள், ஐடிகே-ஸ்நாப்போ 3டி ஸ்லைசரோ, திறந்து பக்கத்துல வச்சுக்கங்க, மேட்ப்ளாட்லிப்ல ஒரே ஒரு ஸ்லைஸ் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க.

ட்ரெயினிங்கே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ரெண்டு படமும் வேற வேற ஊர்ல நிக்குது

இது ஹெடர் பிரச்சனை, அதாவது படம் எந்த திசைல எங்க நிக்குதுன்னு ஃபைலோட தலைப்புல எழுதியிருக்குற விவரம். ஸ்கேனர் குடுக்குற ஃபைல் வகையான டைகாம்ல ஆக்ஸிஸ் நோயாளியோட இடது பக்கம், முதுகுப் பக்கம், தலைப் பக்கம்னு கூடிக்கிட்டே போகும். ஆராய்ச்சில புழங்குற ஃபைல் வகையான நிஃப்டில வலது பக்கம், முன் பக்கம், தலைப் பக்கம். அதாவது முதல் ரெண்டு ஆக்ஸிஸ்லயும் ப்ளஸ் மைனஸ் தலைகீழ். படத்த படிக்கிற பைத்தான் லைப்ரரிகள்ல சிம்பிள்ஐடிகே டைகாம் வழில யோசிக்கும், நிபேபல் நிஃப்டி வழில யோசிக்கும், போதாக்குறைக்கு சிம்பிள்ஐடிகே நம்பை அரேவா குடுக்கும்போது இசட், ஒய், எக்ஸ்னு குடுக்கும், நிபேபல் எக்ஸ், ஒய், இசட்னு குடுக்கும். ஒரு படத்த இதுலயும் இன்னொண்ண அதுலயும் படிச்சா கதை முடிஞ்சுது. எதாவது ஒரு லைப்ரரிய புடிச்சுக்கங்க, கடைசி வரைக்கும் அதுலயே இருங்க.

இதுலயே ரொம்ப மோசமான வகை இடது வலது மாறிப்போறது. மூளை கிட்டத்தட்ட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குறதால கண்ணுக்கு தெரியாது, டைஸ் ஸ்கோரும் (ஒரே உறுப்பு ரெண்டு படத்துலயும் எவ்வளவு மேல மேல விழுதுன்னு 0ல இருந்து 1 வரைக்கும் சொல்றது) நல்லாவே வரும். நாங்க இப்படி மூணு வாரம் ஓட்டியிருக்கோம். ஒரு நோயாளிக்கு மூளைல தண்ணி வடிக்கிற ஷண்ட் ட்யூப் போட்டிருந்தாங்க, சிடில அது வலது பக்கம் வெள்ளையா பளிச்னு தெரியுது, ஓவர்லேல எம்ஆர்ஐய பாத்தா அதே ட்யூப் போன தடம் இடது பக்கம் கறுப்பா இருக்கு. கூட இருந்த ரேடியாலஜி பிஜி டாக்டர்தான் "இவருக்கு என்ன ரெண்டு ஷண்ட்டா"ன்னு கேட்டாரு. பாத்தா, முன்னாடி யாரோ ப்ரீப்ராசஸ் ஸ்க்ரிப்ட்ல ஒரு ஃப்ளிப் போட்டுட்டு சேவ் பண்ணும்போது அஃபைனுக்கு (படத்துப் புள்ளி உடம்புல எங்க இருக்குன்னு சொல்ற மேட்ரிக்ஸ்) பதிலா எதையும் மாத்தாத ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ எழுதி வச்சிருக்காங்க. அந்த யாரோ நான்தான், எந்த வரிய யார் எழுதுனதுன்னு காட்டுற கிட் ப்ளேம் சொல்லிருச்சு. அதனால உங்க டேட்டால ஒரு பக்கம் மட்டும் எதாவது இருக்குற நாலஞ்சு கேஸ தேடி எடுத்து வச்சுக்கங்க, ட்யூபோ கால்சியம் படிஞ்ச இடமோ ஆபரேஷன் பண்ணுன ஓட்டையோ எதுவா இருந்தாலும் சரி. வயிறுன்னா பிரச்சனையே இல்ல, கல்லீரல் எந்த பக்கம்னு பாத்தா போதும்.

தலை சிடில இன்னொண்ணு. கண்ணுல கதிர் படக்கூடாதுன்னு கேன்ட்ரிய (ஸ்கேனரோட வளையம்) சாய்ச்சு எடுப்பாங்க. அப்போ ஸ்லைஸெல்லாம் சரிஞ்ச சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும், சும்மா நேரா அடுக்கி படிச்சா தலையே ஒரு பக்கமா சப்பையா சாஞ்சு தெரியும். சுத்தவும் நகர்த்தவும் மட்டும் செய்யுற எந்த ரிஜிட் ரெஜிஸ்ட்ரேஷனும் இத சரி பண்ணாது, ஏன்னா இது சுத்துனது இல்ல, சரிஞ்சது. டைகாம நிஃப்டியா மாத்துற டிசிஎம்2என்ஐஐஎக்ஸ்ல கன்வர்ட் பண்ணுனா பேர்ல டில்ட்னு போட்டு சரி பண்ணுன ஃபைல் ஒண்ணு தனியா வரும், அத எடுங்க.

ஃப்ளோ பூஜ்யம், ஆனா படம் மாறி வருது

ட்ரெயின் பண்ற முன்னாடி இந்த டெஸ்ட பண்ணிருங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஃப்ளோ (ஒவ்வொரு வாக்ஸலுக்கும், அதாவது 3டி படப் புள்ளிக்கும், நெட்வொர்க் குடுக்குற நகர்வு) முழுக்க பூஜ்யம் குடுத்து மூவிங் படத்த வார்ப் பண்ணி (வளைச்சு), வந்தத ஒரிஜினல்ல இருந்து கழிச்சு பாருங்க. எல்லா இடத்துலயும் பூஜ்யம் வரணும். நடுவுல பூஜ்யமா இருந்து ஓரத்துக்கு போகப் போக வித்தியாசம் கூடுனா அது அலைன் கார்னர்ஸ் (படத்தோட ஓரம்னா கடைசி வாக்ஸலோட நடுவா விளிம்பாங்குற செட்டிங்) பிரச்சனை. பைடார்ச் 1.3ல இருந்து படத்த வளைக்கிற கிரிட் சாம்பிள் ஃபங்ஷன்ல அதோட டிஃபால்ட் ஃபால்ஸ், ஆனா நாம இணையத்துல இருந்து எடுக்குற கோடு பெரும்பாலும் சைஸ்ல ஒண்ணு கழிச்சு வகுக்கும், அதுக்கு ட்ரூ வேணும். தப்பா விட்டா ஓரத்துல அரை வாக்ஸல் தள்ளிப்போகும். 2 மிமீ வாக்ஸல்னா 1 மிமீ. நெட்வொர்க் பாவம் அதையும் கத்துக்கிட்டு ஈடு கட்ட பாக்கும், அதனாலதான் இது பல மாசம் மாட்டாமலே ஒளிஞ்சிருக்கும்.

அடுத்து ஒரே ஒரு ஆக்ஸிஸ்ல மட்டும் 10 வாக்ஸல் ஃப்ளோ குடுங்க. படம் எந்த பக்கம் நகருதுன்னு பாருங்க. டென்சர் டெப்த், ஹைட், விட்த்னு அடுக்கியிருக்கும், ஆனா கிரிட் சாம்பிளுக்கு எக்ஸ் முதல்ல வேணும், அதாவது விட்த் முதல்ல, டெப்த் கடைசில. திருப்பிப்போட மறந்தா, படம் 160க்கு 160க்கு 160னு கனசதுரமா இருக்கும்போது ஒரு எரரும் வராது, மேல தள்ள சொன்னா சைடுல தள்ளிட்டு கம்முனு இருக்கும். இன்னொண்ணு, ப்ளஸ் 10 குடுத்தா படம் மைனஸ் பக்கம் போகும், அது சரிதான், பயப்படாதீங்க. ஃப்ளோ சொல்றது "இந்த இடத்துக்கு எங்க இருந்து எடுக்கணும்"னு, "எங்க போகணும்"னு இல்ல. இந்த குழப்பத்துல சரியா இருந்தத தப்பாக்குன ஆளுங்க உண்டு.

சரியான பக்கம்தான் போகுது, ஆனா பாதி தூரத்துல நின்னுருது

அச்சு அசலா பாதின்னா ஒரே காரணம்தான். ஃப்ளோவ பாதி ரெசல்யூஷன்ல கணக்கு பண்ணி பெருசாக்குறீங்க, ஆனா உள்ள இருக்குற நம்பர ரெண்டால பெருக்கல. சின்ன படத்துல 3 வாக்ஸல்னா பெரிய படத்துல 6.

படம் அசையவே மாட்டேங்குது

முதல் சில நூறு ஸ்டெப்புக்கு அசையாம இருக்குறது சகஜம், பிரபலமான ரெஜிஸ்ட்ரேஷன் நெட்வொர்க்கான வாக்ஸல்மார்ஃப்ல கடைசி லேயர் வெயிட்ட வேணும்னே பூஜ்யத்த ஒட்டி ஆரம்பிக்கிறாங்க. அதுக்கப்புறமும் அசையலனா லாம்டாவ பாருங்க. நகர்வு சீரா இருக்கணும்னு ஸ்மூத்னெஸுக்கு போடுற அந்த வெயிட் லாஸுக்கு லாஸ் மாறும். வாக்ஸல்மார்ஃப் கோடோட குறிப்புலயே எம்எஸ்இக்கு (வெளிச்ச வித்தியாசத்தோட ஸ்கொயர் சராசரி) 0.01, என்சிசிக்கு (ரெண்டு படத்துலயும் வெளிச்சம் சேந்து மாறுதான்னு பாக்குற லாஸ்) 1னு போட்டிருக்கும், நூறு மடங்கு வித்தியாசம். ஒரு பேப்பர்ல இருந்து லாம்டாவ எடுத்து வேற லாஸோட போட்டா ஒண்ணு படம் கல்லு மாதிரி நிக்கும், இல்லனா கசங்கும்.

லாம்டா சரின்னா, ரெண்டு படமும் ஆரம்பத்துலயே ரொம்ப தூரத்துல இருக்கான்னு பாருங்க. டீஃபார்மபிள் நெட்வொர்க், அதாவது இடத்துக்கு இடம் வேற மாதிரி வளைக்கிறது, ஏற்கனவே ஓரளவு பொருந்துன ஜோடிக்கு செஞ்சது. 40 மிமீ தள்ளி இருக்குற கல்லீரல இழுத்துட்டு வரணும்னு எதிர்பாக்கக்கூடாது, முதல்ல அஃபைன் ரெஜிஸ்ட்ரேஷன் (மொத்த படத்தயும் ஒண்ணா சுத்தி, நகர்த்தி, நீட்டி, சரிச்சு பொருத்துறது) ஓட்டிட்டு குடுங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ஒரே ஆளோட தலை, ஆபரேஷன் எதுவும் நடக்கல, சிடியும் எம்ஆர்ஐயும் பொருத்தணும்னா உங்களுக்கு டீஃபார்மபிளே வேண்டாம். மண்டை ஓட்டுக்குள்ள மூளை அப்படி ஒண்ணும் வளைஞ்சு நெளியாது, மூணு சுத்தல் மூணு நகர்த்தல், மொத்தம் ஆறு நம்பர் போதும். அதுக்கு லட்சக்கணக்கான வெக்டர கணக்கு பண்ற நெட்வொர்க்க போடுறது கொசு அடிக்க கடப்பாரை எடுக்குற கதை, நல்லா இருக்குற மூளைய அது வளைச்சு வச்சுட்டு போகும்ங்குறது தனி. வயிறு, புரோஸ்டேட், மண்டைய திறந்து ஆபரேஷன் பண்ணுன கேஸ், இதுக்குதான் டீஃபார்மபிள்.

லாஸ் சூப்பரா இறங்குது, ஓவர்லே கண்றாவியா இருக்கு

சிடில எலும்பு வெள்ளை, டி1ங்குற வகை எம்ஆர்ஐல மண்டை ஓட்டோட கெட்டி எலும்பு கறுப்பு, அதுக்கு வெளில தோலுக்கு கீழ இருக்குற கொழுப்பு வெள்ளை. இப்ப எம்எஸ்இ போட்டா என்ன ஆகும்? வெள்ளைய வெள்ளையோட சேக்க சொல்றீங்க. நெட்வொர்க் எலும்ப இழுத்துட்டு போயி கொழுப்பு மேல வைக்கும், சொன்னத செஞ்சுட்டு நல்ல மார்க்கும் வாங்கும். நீங்க கேட்டதுதான் தப்பு. லோக்கல் என்சிசியும் இப்படித்தான், அது வெளிச்சம் கூடி குறைஞ்சா தாங்கும், ஆனா வெள்ளை கறுப்பு உறவு ஒரே சின்ன இடத்துக்குள்ளயே மாறுனா அதுக்கும் புரியாது.

1990கள் நடுவுலயே லூவன்ல மேஸ், கொலினியோன் குழுவும், எம்ஐடில வயோலா, வெல்ஸும் தனித்தனியா மியூச்சுவல் இன்ஃபர்மேஷன கொண்டு வந்தது இதுக்குத்தான். ஒரு படத்துல இந்த வெளிச்சம்னா இன்னொண்ணுல என்ன வரும்னு கணிக்க முடியுதா, அத மட்டும்தான் அது பாக்கும். நெட்வொர்க்குக்கு அத லாஸா போடலாம், ஆனா மொத்த படத்துக்கும் ஒரே ஹிஸ்டோகிராம்ங்குறதால (எந்த வெளிச்சம் எத்தன தடவ வருதுங்குற கணக்கு) சின்னச்சின்ன இடத்துல வளைக்கிறதுக்கு அது முரட்டு ஆயுதம். நான் டீஃபார்மபிளுக்கு ஹைன்ரிக் 2012ல கொண்டு வந்த மைண்ட் டிஸ்க்ரிப்டர்தான் போடுவேன். ஒவ்வொரு வாக்ஸலும் தன்ன சுத்தி இருக்குறவங்களோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு எழுதி வச்சுக்கிட்டு, அந்த குறிப்ப ரெண்டு படத்துக்கும் நடுவுல ஒப்பிடும். வெள்ளையா கறுப்பாங்குறதே அதுக்கு முக்கியமில்ல, விளிம்பு எந்த பக்கம் இருக்குங்குறதுதான் கணக்கு.

மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் போட்டும் சரியா வரலனா நார்மலைஸ் பண்ணுன (வெளிச்ச எண்கள ஒரே அளவுக்கு சுருக்குன) இடத்த பாருங்க, இது எனக்கு நேர்ந்தது. சில ஸ்கேனர் வட்டத்துக்கு வெளில இருக்குற இடத்துக்கு -2000னு போட்டு நிரப்பும், நோயாளி வாய்ல இருந்த பல் கேப் 3071க்கு போயிருச்சு, நான் மின் மேக்ஸ் நார்மலைஸ் பண்ணி ஹிஸ்டோகிராம 32 பின்னா (டப்பாவா) பிரிச்சேன். ஒரு பின் எவ்வளவு அகலம்? 5071ஐ 32ஆல வகுத்தா 158 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியோட யூனிட், இதுல தண்ணி பூஜ்யம்). அதாவது -98ல இருந்து 60 வரைக்கும் ஒரே பின். மூளைத்தண்ணி, வெள்ளைப் பகுதி, சாம்பல் பகுதி எல்லாமே அந்த ஒரே டப்பாக்குள்ள. நெட்வொர்க்கு கண்ணுக்கு மூளை ஒரே மாவு உருண்டை, அப்புறம் எத வச்சு அது பொருத்தும்? மொதல்ல எல்லைக்கு வெளில இருக்குற எண்கள வெட்டுங்க, வயிறுன்னா நான் -200ல இருந்து 400 வரைக்கும் வெட்டுவேன், அப்புறம் நார்மலைஸ். எம்ஆர்ஐக்கு யூனிட்டே கிடையாதுங்குறதால 1, 99 பர்சன்டைல்ல வெட்டி, ஒரு பக்கம் வெளிச்சம் இன்னொரு பக்கம் இருட்டா இருந்தா என்4ங்குற வெளிச்சத்த சமமாக்குற முறைய ஓட்டிருங்க. பைடைகாம்ல நேரடியா பிக்சல் அரே எடுக்குறவங்க ரீஸ்கேல் ஸ்லோப், இன்டர்செப்ட் (ஃபைல்ல இருக்குற எண்ண ஹவுன்ஸ்ஃபீல்டா மாத்துற ரெண்டு எண்) போட்டீங்களான்னும் ஒரு தடவ பாத்துக்கங்க, போடலனா தண்ணி பூஜ்யத்துல இருக்காது.

படம் கசங்குன பேப்பர் மாதிரி இருக்கு

ஜேகோபியன் டிடர்மினன்ட் (ஒவ்வொரு இடமும் எத்தன மடங்கு விரியுது, சுருங்குதுன்னு சொல்ற எண்) கணக்கு பண்ணுங்க, பூஜ்யமோ அதுக்கு கீழயோ போன வாக்ஸல் எத்தனைன்னு எண்ணுங்க. அங்க திசு தன்மேலயே மடிஞ்சிருக்குன்னு அர்த்தம், உடம்புல அப்படி நடக்காது. லாம்டாவ ஏத்துங்க, இல்ல வெலாசிட்டி ஃபீல்டு வழிக்கு (ஒரேயடியா நகர்த்தாம வேகத்த கணக்கு பண்ணி சின்னச்சின்னதா நகர்த்துறது) போங்க, ஏழு ஸ்டெப் ஸ்கேலிங் ஸ்கொயரிங் (வேகத்த 128ஆல வகுத்து, நகர்வ ஏழு தடவ ரெட்டிப்பாக்குறது) போட்டா மடிப்பு வெகுவா குறையும். பேருதான் டிஃபியோமார்ஃபிக் (மடியாதது), வாக்ஸல் கிரிட்ல ஒண்ணு ரெண்டு மடிப்பு அப்பவும் வரும், அதனால எண்றத விட்டுறாதீங்க. இசட்ல 5 மிமீ, மத்ததுல 1 மிமீ இருக்குற படத்துக்கு ஸ்மூத்னெஸ வாக்ஸல் கணக்குல போட்டா இசட் பக்கம் மட்டும் அஞ்சு மடங்கு தாராளமா வளைய விட்ட மாதிரி, மிமீக்கு மாத்தி போடுங்க. கல்லீரல் விலா எலும்பு ஓரமா வழுக்கிட்டு போற இடத்துல ஸ்மூத்னெஸே எதிரி, அங்க கொஞ்சம் தப்பு வரத்தான் செய்யும்.

திடீர்னு லாஸ் நேன் (எண்ணே இல்ல) ஆகுது

மிக்ஸட் ப்ரிசிஷன்ல (16 பிட்டும் 32 பிட்டும் கலந்து) நெட்வொர்க்க மட்டும் ஓட்டுங்க, லாஸையும் வார்ப்பையும் 32 பிட்லயே விடுங்க. 16 பிட்ல 65504க்கு மேல எண்ணே கிடையாது, நார்மலைஸ் பண்ணாத சிடில 1000ஐ ஸ்கொயர் பண்ணுனாலே தாண்டிரும். என்சிசில வேரியன்ஸ் கணக்கு பண்ணும்போது வெறும் காத்து இருக்குற இடத்துல பூஜ்யமோ மைனஸோ வந்து அதால வகுக்கும், எப்சிலான்னு ஒரு குட்டி எண்ண கூட்டிக்கங்க. நேன் வராமலே கெடுக்குற ரகமும் இருக்கு: 16 பிட்ல 128ல இருந்து 256 வரைக்கும் ரெண்டு எண்ணுக்கு நடுவுல இடைவெளி 0.125. ஏழு ஸ்டெப்புக்கு வெலாசிட்டிய 128ஆல வகுத்து 200வது வாக்ஸல் மேல கூட்டுறீங்க, 4 வாக்ஸல் நகர்வுன்னா 0.03தான், கூட்டுனதும் காணாம போயிரும். படம் ஒரு மூலைல நல்லா நகரும், எதிர் மூலைல நகராது. இத தேடி நான் ஒரு வாரம் அலைஞ்சேன்.

எங்க டேட்டால அருமை, வேற ஸ்கேனர்ல போட்டா ஊத்திக்குது

நெட்வொர்க் உங்க ஸ்கேனர மனப்பாடம் பண்ணியிருக்கு. சிந்த்மார்ஃப்னு ஒரு முறை, இதுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச ஐடியா அதுதான்: நிஜ படமே இல்லாம லேபிள் மேப்ப (எது எந்த உறுப்புன்னு குறிச்ச படம்) எடுத்து, ஒவ்வொரு லேபிளுக்கும் கண்டபடி ஒரு வெளிச்சம் குடுத்து, மங்கலாக்கி, பயாஸ் போட்டு, அதுல ட்ரெயின் பண்றது, ஸ்மூத்னெஸ் தவிர லாஸ் லேபிளோட டைஸ் மட்டும். எந்த கான்ட்ராஸ்ட் வந்தாலும் அதுக்கு புதுசு இல்ல. லேபிள் இல்லாதவங்க காமாவ மாத்துறது, வெளிச்சத்த தலைகீழாக்குறதுன்னு ஆக்மென்டேஷனாவது போடுங்க.

பிராட்ஸ்ங்குற மூளைக்கட்டி எம்ஆர்ஐ டேட்டாவ வச்சு தெரிஞ்ச வளைப்பு குடுத்து டெஸ்ட் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாலு சீக்வன்ஸும் ஏற்கனவே பொருத்தி வச்சதுங்குறதால வசதிதான், ஆனா மண்டை ஓட்ட உரிச்ச படம், வெளில சுத்தமா பூஜ்யம். ரெண்டு படத்துக்கும் ஒரே வெளிக்கோடு. நெட்வொர்க் அந்த கோட்ட மட்டும் பொருத்திட்டு உள்ள எதையும் பாக்காமலே நல்ல நம்பர் வாங்கிரும். உள்ள வென்ட்ரிக்கிள் ஓரத்துல தனியா அளந்து பாருங்க.

கேன் வச்சு எம்ஆர்ஐய சிடியா மாத்தி பொருத்துனேன், கட்டிய காணோம்

கேன்ங்குறது புதுப் படம் வரையுற நெட்வொர்க், அதுல ஒரு வகையான சைக்கிள்கேன் படத்த அழகாக்கும், உண்மையா இருக்கணும்னு அதுக்கு கட்டாயம் இல்ல. கோஹன், லக், ஹோனாரி 2018ல காட்டுனாங்க, ட்ரெயினிங் டேட்டால கட்டி இல்லனா மாத்துன படத்துல கட்டிய அழிச்சிரும், கட்டி நிறைய இருந்தா இல்லாத எடத்துல போட்டு விடும். பொருத்தறதுக்கு ஒரு நடு வழியா மட்டும் வச்சுக்கங்க, கிடைச்ச ஃப்ளோவ ஒரிஜினல் படத்து மேல போடுங்க, மாத்துன படத்த டாக்டர் கண்ணுல காட்டவே காட்டாதீங்க.

டைஸ் 0.9, டாக்டர் "பொருந்தவே இல்ல"ன்றாரு

டாக்டர நம்புங்க. கல்லீரல் மாதிரி பெரிய உறுப்புக்கு டைஸ் ஏமாத்தும், ஓரம் 5 மிமீ தள்ளி இருந்தாலும் நம்பர் அழகா இருக்கும். ரோல்ஃபிங் 2012ல ஒரு நக்கலான வேலை பண்ணாரு, உடம்பு பத்தி ஒண்ணுமே யோசிக்காம பிக்சல வெளிச்ச வரிசைல அடுக்கி பொருத்துற ஒரு டூல் எழுதி, அதுக்கு முற்றிலும் உபயோகமில்லாத ரெஜிஸ்ட்ரேஷன் டூல்னே பேரும் வச்சு, படங்களோட ஒற்றுமைலயும் திசு ஒத்துப்போறதுலயும் அது உருப்படியான முறைங்கள விட நல்ல மார்க் வாங்குறத காட்டுனாரு. ஜேகோபியன் பாத்திருந்தா அன்னிக்கே மாட்டியிருக்கும்.

அதனால லேண்ட்மார்க் வைங்க. நாளம் கிளை பிரியிற இடம், சிறுநீரகத்தோட மேல் முனை, ஒரு கேஸுக்கு எட்டு பத்து புள்ளி, ரெண்டு பேர் தனித்தனியா குறிச்சு அவங்களுக்குள்ளயே எத்தன மிமீ வித்தியாசம்னு மொதல்ல அளங்க, ஏன்னா அவங்களே 3 மிமீ மாறுனா உங்க நெட்வொர்க்கோட 2 மிமீக்கு அர்த்தம் இல்ல. ஓவர்லேய செக்கர்போர்டுல போட்டு விளிம்பு கட்டத்துக்கு கட்டம் தொடருதான்னு பாருங்க. லேபிள வார்ப் பண்றப்ப நியரஸ்ட் போடுங்க, லீனியர் போட்டா கல்லீரல் 1க்கும் சிறுநீரகம் 3க்கும் நடுவுல மண்ணீரல் 2னு ஒரு மெல்லிசு கோடு முளைக்கும், அது எங்கடா வந்துச்சுன்னு தேடுவீங்க.

இன்னும் ஒண்ணு, பேஸ்லைன் இல்லாம நம்பர் சொல்லாதீங்க. ஒண்ணும் பண்ணாம விட்டா எவ்வளவு, அஃபைன் மட்டும்னா எவ்வளவு, நெட்வொர்க் இல்லாத ரெஜிஸ்ட்ரேஷன் டூலான ஆன்ட்ஸ்ல மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் போட்டா எவ்வளவு, இந்த மூணும் பக்கத்துல வேணும். ரெஜிஸ்ட்ரேஷன் போட்டியான லெர்ன்2ரெக் 2021ல வயிறு சிடி எம்ஆர்ஐ டாஸ்க்ல ட்ரெயினிங்குக்கு ஜோடியா இருந்ததே எட்டுதான், அந்த வருஷம் கன்வெக்ஸ்ஆடம்னு கொஞ்சமா லேர்னிங், நிறைய ஆப்டிமைசேஷன்னு இருந்த முறை முன்னணில வந்துச்சு. உங்ககிட்டயும் எட்டு பத்து ஜோடிதான் இருக்குன்னா நெட்வொர்க் குடுத்த ஃப்ளோவ ஆரம்பமா வச்சு, அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் மைண்ட் லாஸ்ல ஒரு ஐம்பது நூறு ஸ்டெப் ஆடம் ஆப்டிமைசர ஓட்டி பாருங்க. எனக்கு லேயர் கூட்டி கிடைக்காத மிமீ அதுல கிடைச்சிருக்கு.

எல்லாம் சரி, ஒரே ஒரு இடம் மட்டும் உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு

அந்த இடத்துல ஒரு படத்துல இருக்குறது இன்னொண்ணுல இல்ல. குடல்ல சிடி அன்னிக்கு காத்து, எம்ஆர்ஐ அன்னிக்கு காத்து இல்ல. மூத்திரப்பை ஒரு நாள் நெறஞ்சு ஒரு நாள் காலி. இல்ல கட்டிய வெட்டி எடுத்தாச்சு. நெட்வொர்க் இல்லாத ஒண்ணுக்கு ஜோடி தேடி பக்கத்துல இருக்குற நல்ல திசுவ சுருட்டி அந்த ஓட்டைய அடைக்கும். அந்த பகுதிக்கு மாஸ்க் போட்டு சிமிலாரிட்டி லாஸ்ல இருந்து எடுத்துருங்க, ஸ்மூத்னெஸ் மட்டும் அங்க ஓடட்டும். காத்துக்கு மாஸ்க் சுலபம், சிடில உடம்புக்குள்ள -300க்கு கீழ இருக்குறதெல்லாம் காத்துன்னு எடுத்தா போதும், நுரையீரல் அடிப்பகுதியும் அதுல வந்து மாட்டும், அத மட்டும் கழிச்சுருங்க.